காது கேளாமையும் காதுக் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே பேச வருகிறவர்கள் சமயம், மொழி, சமூக முன்னேற்றம் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் காது. இதுவும் ஒரு பேச்சா என்று சிலர் புன்னகை புரியலாம். ஆனால் கூட்டம் கூட்டுகிறோம், பஜனை பாடுகிறோம், பிரசங்கம் செய்கிறோம்; இவற்றுள் ஒன்றும் காதில் விழாமல், பின்வரிசையிலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் மத்தியில் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி ஒரு நாளாவது பேச வேண்டாமா? திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். எழுத்தறியாதவரும் காதால் கேட்டே இராமாயணமும் பாரதமும் அறிந்த மக்கள் நாம். பொன்னர் சங்கர் கதையும் காமன் கூத்தும் நமது தோட்டங்களில் இன்றளவும் உயிரோடிருப்பது காதின் வழியாகத்தான்.

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். கண்ணாடி போட்டவரைப் பார்த்தால் படித்தவர் என்ற மதிப்புக் கூட வருகிறது. காது மந்தமானால் மட்டும் அதை ஒளித்து வைக்கிறோம். ஒளிக்க முடியாதபோது அது பரிகாசத்துக்கு ஆளாகிறது. நாடகமானாலும் சினிமாவானாலும் காது கேளாத பாத்திரம் வருவது சிரிப்பு மூட்டவே. செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை நாமெல்லோரும் வாய்கூசாமல் சொல்கிறோம். இந்தப் பரிகாசத்துக்கு அஞ்சித்தான் எத்தனையோ பேர் வைத்தியரிடம் போகாமல் காலங்கடத்துகிறார்கள்.

இந்தக் குறை ஒருவருக்கு வரும் விதமே அதை மறைத்துவிடுகிறது. ஓர் அப்பாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்து இஸ்தோப்பிலே உட்கார்ந்திருக்கிறார். மருமகள் காம்பராவுக்குள்ளிருந்து, “சட்டியை எடுங்கள்” என்கிறாள். அப்பாயி கட்டியைப் பற்றி ஏதோ பதில் சொல்கிறார். வீட்டிலுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். பத்துத் தடவை இப்படி ஆனதும் அப்பாயி பதில் சொல்வதையே விட்டுவிடுகிறார். “கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது” என்று அக்கம்பக்கத்தில் பேச்சு எழுகிறது. புத்திக்கு ஒன்றும் நேரவில்லை. சொல்லின் முதலெழுத்துக் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இது எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்றே விளக்குவோம். காதின் துவாரத்தின் முடிவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதைச் செவிப்பறை என்பார்கள். ஒலி பட்டு அது அதிரும்போது, அதற்கப்பால் சங்கிலிபோல் கோத்திருக்கும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்ச்சியை உட்காதுக்குக் கொண்டு போகின்றன. உட்காது நத்தை ஓடுபோல் சுருண்டது. அதனுள்ளே சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. அதிர்ச்சியை நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாக அனுப்புபவை இவையே. தலைமயிர் கொட்டினாலும் முளைக்கும். இவ்வணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. வயது முதிர்வாலும் பேரிரைச்சலாலும் முதலில் அழிபவை, மெல்லிய கூரிய ஒலிகளை வாங்கும் அணுக்கள். நம் பேச்சிலே ஆ, ஈ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தடித்தவை. ச, த, க, ப முதலான மெய்கள் மெலிந்தவை. ஆகவே காது மந்தமானவருக்குப் பட்டி, தட்டி, கட்டி, சட்டி எல்லாம் ஒன்றுபோலவே விழும். “சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை” என்று முதியவர்கள் சொல்வது முழு உண்மை. அப்போது நாம் கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெரிதாகும், மெய்யொலி தெளிவாகாது. முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவதே பயன் தரும்.

உலகத்தில் இது சிறு தொகையினருக்கு வந்த துன்பமன்று. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கைப்படி 150 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓரளவு செவிக்குறைவு உண்டு. அவர்களுள் சுமார் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ பயிற்சியோ தேவை. கருவியால் நன்மை பெறக்கூடியவர்களில் நூற்றுக்கு 17 பேரே கருவி அணிகிறார்கள் என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024ஆம் ஆண்டு 14 காரணங்களைக் குறித்தபோது, செவிக்குறைவும் அவற்றில் ஒன்றாக இருந்தது. பேச்சொழிந்து தனித்திருக்கும் முதியவரின் மனம் வாடிப்போகும் என்பதை அறிய அறிக்கை வேண்டியதில்லை. நமது லயங்களையே பார்க்கலாம்.

நமது ஊவாப் பகுதிக்கு வருவோம். இங்கே காது கெடுவதற்குச் சில வழிகள் தனியாக உண்டு. முதலாவது, குழந்தைகளின் காதில் சீழ் வடிவது. தடிமனும் சளியும் ஓயாமல் வரும் குளிர் மலைப்பகுதிகளில் இது சாதாரணம் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். சாதாரணமன்று. நாட்பட்ட சீழ் செவிப்பறையைத் துளைத்து, சிற்றெலும்புகளையும் அரித்துவிடும். அந்தத் துளையுள்ள காதிலே காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் இவற்றை விடுவது தீயில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும். கோழி இறகும் ஊக்கும் ஈர்க்குச்சியும் காதுக்குள் போகவே கூடாது. குறும்பி அடைத்துக்கொண்டால் வைத்தியர் சில நிமிஷத்தில் எடுத்துவிடுவார்; “செவிடாகிவிட்டேன்” என்று கவலைப்பட்டவர் அங்கேயே கேட்டுக்கொண்டு எழுந்து வருவதும் உண்டு.

இரண்டாவது, இரைச்சல். கொழுந்து வாட்டும் விசிறிகள், ரோலர்கள், சல்லடை இயந்திரங்கள் நடுவே ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 85 டெசிபல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது என்பது தொழிற்சுகாதார நிபுணர் கண்ட அளவு. அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரமே. ஒரு முழ தூரத்திலிருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், இரைச்சல் எல்லை மீறிவிட்டதென்று கொள்ளலாம். காதடைப்பான் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. அடுத்ததாக, நம்மையே கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலே ஒலிபெருக்கியைக் கட்டி, விடியவிடிய முழக்குகிறோமே, அம்மனுக்குக் காது மந்தமா? ஒலிபெருக்கிக்கு அடியிலேதான் நம் பிள்ளைகள் படுத்துறங்குகிறார்கள். தப்படிக்கும் சகோதரர்களுக்கும் காதடைப்பான் வேண்டுமென்பது நமது கருத்து.

மூன்றாவது, சில மருந்துகள். க்ஷயரோகத்துக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பலர் உயிரைக் காத்தது. சிலரது காதையும் உடல் நிதானத்தையும் கெடுத்தது. அப்படி ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி, யாரிடம் போவது? தோட்டத்து மருந்தகத்தில் உள்ளவர் முதலில் பார்க்கட்டும். அவரிடம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரியிலே காது, மூக்கு, தொண்டை வைத்தியரின் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஒன்றை மாத்திரம் மறக்கலாகாது. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென அடைத்துப்போனால், “சளிதான், போய்விடும்” என்று கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கான மருந்து முதல் சில நாட்களில்தான் நன்கு வேலை செய்யும். வாரங்கள் கழிந்தபின் அதன் பயன் குறைந்துவிடும்.

வைத்தியரிடம் போவதென்று சொல்வது எளிது. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ இருக்கும் முதியவர் ஒருவர் பதுளைக்கு வருவது எளிதா? விடியுமுன் பஸ் ஏற வேண்டும். கூட வரும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய பேர் போய்விடும். வந்து வரிசையில் உட்கார்ந்தால் பெயரைக் கூப்பிடுவது காது கேளாதவருக்கு எப்படிக் கேட்கும்? கிளினிக்கிலே சிங்களத்தில் கேள்வி கேட்டால், மொழி தெரியாத குறையும் காது கேளாத குறையும் சேர்ந்துவிடுகின்றன. எதற்கும் தலையாட்டிவிட்டு, மாத்திரைப் பொட்டலத்தோடு திரும்பி வருகிறார். அடுத்த தடவை போக மாட்டேன் என்கிறார். இங்கேதான் வாலிபர்களாகிய நமக்கு வேலையிருக்கிறது. அதை முடிவிலே சொல்வோம்.

வைத்தியர் பார்த்தபின் செவிப்புலன் பரிசோதனை நடைபெறும். இதைச் செய்பவர் இதற்கென்று படித்தவராக இருத்தல் வேண்டும். றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே பேச்சு, செவிப்புலன் துறைக்கெனப் பட்டப்படிப்பே நடைபெறுகிறது. பரிசோதனையில் வலி ஒன்றுமில்லை. ஓசையடங்கிய அறையில் இருத்தி, காதில் ஒலிப்பான் மாட்டி, தடித்த ஒலியிலிருந்து கூரிய ஒலிவரை ஒவ்வொன்றாக மெல்ல ஒலிப்பார்கள். கேட்டதும் கையை உயர்த்தவோ பொத்தானை அமுக்கவோ வேண்டும். நம்மவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. நன்றாகக் கேட்டால்தான் கை தூக்க வேண்டுமென்று சிலர் பேசாமலிருப்பார்கள். வேறு சிலர், பாவம், சோதிப்பவர் மனம் கோணலாகாதென்று கேளாவிட்டாலும் கை தூக்குவார்கள். மிக மெல்லக் கேட்டாலும் கை தூக்க வேண்டும், கேளாவிட்டால் சும்மா இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே விளக்கிக் கூட்டிப்போவது நன்று. காதின் பின்னெலும்பில் ஒரு சிறு கருவியை வைத்தும் சோதிப்பார்கள். எலும்பின் வழி நன்றாகக் கேட்டு, காற்றின் வழி கேளாவிட்டால், குறை பெரும்பாலும் வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கும். அப்படிப்பட்ட பலருக்கு மருந்தோ சத்திர சிகிச்சையோ உதவும், கருவியே வேண்டியிராது. முடிவை ஒரு தாளிலே கோடுகளாக வரைந்து தருவார்கள். வலக்காது சிவப்பு வட்டம், இடக்காது நீலப் பெருக்கற்குறி. 20 டெசிபலுக்குள் கேட்டால் குறையில்லை. 35க்கு மேற்போனால் பேச்சு விளங்குவது கஷ்டம். 65ஐத் தாண்டினால் கடுமையான குறை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். கருவி வாங்குவதற்கு அதுவே அளவுகோல். அளவெடுக்காமல் சட்டை தைப்பவர் உண்டா?

அளவெடுக்காத சட்டையைத்தான் பலர் வாங்கிவிடுகிறார்கள். கடையிலும் விளம்பரங்களிலும் மலிவாகக் கிடைக்கும் சிறு கருவிகள் பல, ஒலியைப் பெருக்கும் பெட்டிகளே தவிர வேறல்ல. பேச்சையும், பாத்திரம் விழும் சத்தத்தையும், மழை தகரத்தில் கொட்டும் சத்தத்தையும் ஒரே மாதிரிப் பெரிதாக்கித் தலைவலியைக் கொடுக்கும். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு முதல், வைத்தியர் துண்டில்லாமலே சில கருவிகளைக் கடையில் வாங்கலாம் என்று சட்டம் செய்தார்கள். அங்கும் அது வளர்ந்தோருக்கும், இலேசான அல்லது நடுத்தரமான குறைக்கும் மாத்திரமே.

கருவியின் கதை சுவையானது. பீதோவன் என்ற ஜெர்மானிய இசைமேதை ஊதுகொம்பு போன்ற குழாயைக் காதில் வைத்துப் பார்த்தார். 1898ஆம் ஆண்டு ஹட்சிசன் என்ற அமெரிக்கர் மின்சாரக் கருவி செய்தார். அதை அணிந்தவர்களில் இங்கிலாந்தின் அரசி அலெக்சாண்டிராவும் ஒருவர். அரசியே அணிந்ததை அணிய நமக்கென்ன வெட்கம்? 1948ஆம் ஆண்டு பிரித்தானிய தேசிய சுகாதார சேவை குடிமக்களுக்குக் கருவியை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. 1950களில் டிரான்சிஸ்டர் வந்து பெட்டி சிறுத்தது. 1990களின் பின் கணினி நுட்பம் புகுந்தது. இக்காலக் கருவியைக் கணினியோடு இணைத்து, முன்சொன்ன தாளிலுள்ள கோட்டுக்கேற்ப, எந்த ஒலி குறைவோ அதை மட்டும் உயர்த்தி அமைக்கலாம். காது மேலும் மந்தமானால் அதே கருவியைத் திருத்தி அமைக்கவும் கூடும்.

எதை வாங்குவது? மிகச் சிறியது, வெளியே தெரியாதது வேண்டுமென்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அணியப்போகிறவரின் விரலை முதலில் பாருங்கள். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்களுக்கு, பட்டாணிக் கடலையளவு கருவியைக் காதுக்குள் திருகி வைப்பதும், அதைவிடச் சிறிய பற்றரியை மாற்றுவதும் ஆகாத காரியம். காதின் பின்னால் மாட்டி, அச்செடுத்துச் செய்த முனையைக் காதுக்குள் பொருத்தும் வகையே நம்மவர் பலருக்கு ஏற்றது. அது வலுவும் கூடியது, சீழ்க் காதுள்ளவர் வைத்தியர் சொற்படி சுத்தம் செய்துகொள்ளவும் வசதி. அச்சுச் சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி விசிலடிக்கும்; உடனே கருவி கெட்டதென்று எறிந்துவிடாமல் அச்சைத் திருத்தச் சொல்லுங்கள். இரு காதும் குறைந்தவருக்கு இரண்டு கருவி நன்று. பணமில்லையென்றால் ஒன்றோடு தொடங்கலாம். எந்தக் காதுக்கு என்பதைச் சோதித்தவர் சொல்லட்டும். தலையில் கூடைக் கயிறு போட்டு மலைக்குப் போகிறவர்கள், கயிறு கருவியில் உரசாதவாறு பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும்.

விலை கூடியதெல்லாம் நல்லதென்று எண்ணற்க. விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சில நாள் அணிந்து பார்த்துத் திருப்பித் தர இடமுண்டா? ஒரு மாதம் கழித்துத் திருத்தி அமைக்கக் காசு கேட்பார்களா? பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, எத்தனை வாரமாகும்? இந்தப் பற்றரி பதுளையிலோ பண்டாரவளையிலோ கிடைக்குமா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். வசதியில்லாதவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு உதவிக்கு மனுக் கொடுக்கலாம். வைத்தியரின் கடிதமும் பரிசோதனைத் தாளும் அங்கும் கேட்பார்கள்.

கருவி வாங்கிய மறுநாளே காது பழையபடி ஆகிவிடுமென்று எதிர்பார்ப்பதால்தான் எத்தனையோ கருவிகள் பெட்டியிலே தூங்குகின்றன. பல வருஷம் அமைதியிலிருந்த மூளைக்கு, தன் சேலை உரசும் சத்தமும் இடியாகக் கேட்கும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு மாத்திரம் பேசும்போது, ஓரிரு மணி நேரம் அணியட்டும். பிறகு இஸ்தோப்பு, பிறகு கோயில், கடைசியாகத்தான் சந்தை. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் பழகிவிடும். பேரப்பிள்ளை தினமும் பத்து நிமிஷம் எதிரே உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக் காட்டினால் அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. பற்றரியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளை உரித்தபின் ஓரிரு நிமிஷம் காற்றுப் படவிட்டுப் போட வேண்டும். காற்றால் வேலை செய்யும் பற்றரி அது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் கருவிக்குப் பெரும் பகை. இரவிலே மூடியை இறுக்கமாக மூடக்கூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு வையுங்கள். அடுப்பருகே வைத்துக் காயவைக்காதீர்கள். பழைய பற்றரி குழந்தை கையில் அகப்படலாகாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளைப் பற்றி இன்னும் ஒன்று. ஆறு மாதக் குழந்தை கதவு சாத்தும் சத்தத்துக்குத் திடுக்கிடாவிட்டால், ஒரு வயதாகியும் தாயின் குரலுக்குத் திரும்பாவிட்டால், “அப்பன் மாதிரி லேட்டாகப் பேசுவான்” என்று காத்திருக்கக் கூடாது. பேச்சு பழகும் வயது காத்திருப்பதில்லை. கேளாத பிள்ளையை மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்து, ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்துவதே நிபுணர்கள் வகுத்த குறி. கருவியாலும் கேளாத பிள்ளைகளுக்கு உட்காதில் சத்திர சிகிச்சையால் பொருத்தும் கருவியும் இலங்கையில் உண்டு. கேளாத பிள்ளைக்குக் கல்வி இல்லையென்றும் எண்ண வேண்டாம். இரத்மலானையில் இதற்கான பாடசாலை 1912ஆம் ஆண்டில் ஆரம்பமான நிறுவனத்தின் வழி வந்தது. தமிழிலே கற்பிக்கும் நஃபீல்ட் பாடசாலை யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நமது பிள்ளைகளுக்கு இரண்டும் தூரந்தான். ஆயினும் லயத்துக் காம்பராவிலே சைகை காட்டிக் காலங்கழிக்கும் பிள்ளைக்கு அந்தத் தூரம் பெரிதன்று.

இப்போது, முன்னே சொல்வோமென்ற காரியம். முதியவர் ஒருவர் பதுளைக்கு வந்துபோக, கூடப்போக ஓர் ஆள் வேண்டும். அவர் வரிசையில் நின்று பெயர் கூப்பிடும்போது தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்பதைத் தமிழில், முகம் பார்த்து, மெல்லச் சொல்ல வேண்டும். எப்போதிருந்து, ஒரு காதா இரண்டா, சீழ் உண்டா, தலைசுற்று உண்டா, ஸ்டோரில் வேலை செய்தாரா, ஊசி போட்டதுண்டா என்பவற்றை முதல்நாளே விசாரித்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். கருவி வந்தபின் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய், பெட்டியில் தூங்குகிறதா, காதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு நாள் பொழுது வேண்டும். பெயர் கொடுக்க விரும்பும் வாலிபர்கள், தமது தோட்டம் எது, எந்தக் கிழமை வரமுடியும், சிங்களம் பேச வருமா என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதி, மண்டபத்தை விட்டுப் போகுமுன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.